ஒரு சாயங்காலம் சேதி வராவிட்டால்

சனிக்கிழமை காலை

என் ஜிபெக் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன், உட்காரும் இடம் ஒன்றைத் தவிர. வண்டி சுகம். உன் அப்பாவும் மாடும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், வெளியே வர இன்னும் ஐந்து வாரம் வைத்திருக்கிற அந்தக் குட்டி ஆளும் கசானில் நன்றாக இருக்கிறீர்கள் என்றே என் மனம் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை நீ டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து போனைத் திறந்தபோது நாரினிலிருந்து நாற்பத்து மூன்று அழைப்புகள் வந்து கிடந்தன என்றாய். பாதிப் பேர் மகன் பிறந்ததற்கு வாழ்த்தினார்களாம், மீதிப் பேர் எடை எவ்வளவு என்று கேட்டார்களாம். நீ இன்னும் பெறவில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும், ஊர்தான் கொஞ்சம் முந்திக்கொண்டது. அதற்குக் காரணம் நான்தான், அல்லது என் வண்டியின் பின்சக்கரம், அல்லது நம் தையல்கடை துமார். படித்துவிட்டு நீயே முடிவு செய். போனில் சொல்லத் தொடங்கினால் நீ சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாய், எனக்குப் பயமாக இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள். நான் இப்போது எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன், முதலிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே, சின்ன வயதில் என் நூலகத்துப் புத்தகங்களை எல்லாம் அப்படித்தான் கெடுத்துக்கொண்டாய்.

நுர்கிஸை உனக்கு ஒரு குரலாக மட்டும்தான் தெரியும். பள்ளியில் எட்டு வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இருபது வயதில் கல்யாணமாகி அலாய் பள்ளத்தாக்கில் சாரி மொகோலுக்குப் போனாள், அதிலிருந்து பத்தொன்பது வருஷமாக எங்கள் சிநேகம் போனிலேயே குடியிருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தக் கோடையில் வருகிறேன் என்பேன், ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது குறுக்கே வரும், வைக்கோல், பள்ளிக்கு வெள்ளையடிப்பது, உன் கல்யாணம். இந்த வருஷம் செப்டம்பரில் நான் உன்னிடம் வந்துவிடுவேன், ஒரு வருஷம் குழந்தையோடு இருப்பேன், அக்டோபரில் கணவாயில் பனி விழுந்துவிடும், அதற்கடுத்த வருஷத்தை யார் கண்டது. ஆகஸ்டில் பத்து நாள்தான் கையில் இருந்தது. எழுநூறு கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளில், தனியாகப் போய் நுர்கிஸின் வாசலில் இறங்குவது என்று முடிவு செய்தேன். உன் அப்பா பதினாறு வருஷமாக ஓட்டுநர் பள்ளியில் நாரின் முழுவதற்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எனக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை, கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது, அதில் அவருக்கு இன்றுவரை ஒரு குறை. அவர் இரண்டு நாள் மாட்டோடு மட்டும் பேசினார். மூன்றாம் நாள், போ, ஆனா ஒரே ஒரு சாயங்காலம் பொழுது விழறதுக்குள்ள உன்கிட்டேருந்து சேதி வரலைன்னாலும் நான் கிளம்பி வருவேன், வண்டிய லாரில ஏத்தி உன்னையும் கூட்டிட்டுத் திரும்பிடுவேன், அப்புறம் பேச்சே கிடையாது, என்றார். நான் சரி என்று கையடித்துக் கொடுத்தேன். வகுப்பு நேரத்தில் அவர் போனைத் தொடமாட்டார் என்பதால், துமார்கிட்ட சொல்லிடு, அவகிட்ட சொன்னா எனக்குச் சொன்ன மாதிரிதான், என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினேன். துமாரும் ஜூராவும் ஊர் எல்லை வரை வந்தார்கள். துமார் தன் தையல் கடையில் எனக்கென்று ஒரு மேல்சட்டை தைத்திருந்தாள், முதுகிலும் கையிலும் சாலை வேலைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறப் பட்டைகள். இது என்னடி, ரயில் சிக்னல் மாதிரி இருக்கு, என்றேன். மேல இருக்கறவனுக்கும் வயசாயிடுச்சுல்ல, கண்ணுக்குத் தெரியணுமா வேண்டாமா, என்றாள். ஜூராவைத் தெரியுமே, கணக்கு டீச்சர், கட்டம் போட்ட நோட்டில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், எங்கே போன் எடுக்கும், எங்கே எடுக்காது என்று நான்கு பக்கம் எழுதி ஒரு பிரதி எனக்கும் ஒன்று அவளுக்கும் வைத்திருந்தாள். எல்லாரும் உள்ளங்கையை விரித்து வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவிக்கொண்டோம். உன் அப்பா மட்டும் கடைசி வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சங்கிலியை ஆட்டிப் பார்த்தார்.

அந்த முதல் நாளைப் பற்றி உன்னிடம் எப்படிச் சொல்வேன். நீ அனுப்பிய தலைக்கவசத்தில் காதுக்குள்ளேயே பேசுகிற கருவி இருக்கிறதல்லவா, அதில் மூன்று பெண்கள் நாள் முழுவதும் குடியிருந்தார்கள். போன் எடுக்கிற ஊர் வந்ததும் எல்லாக் குரல் சேதிகளும் மொத்தமாக வந்து விழும். ஜூரா கிலோமீட்டர் கேட்பாள். துமார், என்ன சாப்பிட்டே, யாரப் பாத்தே, அவனுக்கு மீசை இருந்துச்சா, என்பாள். நுர்கிஸ், சீக்கிரம் வா, மெதுவா வா, என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். வீட்டில் என்ன குழம்பு என்றுகூட யாரிடமும் சொல்லாதவள் என்று எனக்குப் பெயர், அப்படிப்பட்ட நான் அக் தாலில் குடித்த தேநீரில் ஈ விழுந்ததைக்கூட நின்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போனேன். நடுவில் போன் எடுக்காத நீண்ட இடங்களில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்வேன். ஒரு கழுதை சாலையைக் கடந்தாலும் இதை துமாருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். தனியாகப் போவது என்றால் இப்படி ஒரு கூட்டத்தோடு போவது என்று எனக்குத் தெரியாது. தலைக்கவசத்துக்குள் சத்தமாகப் பாடினேன், யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன், காஸர்மானில் இறங்கிய பிறகுதான் பதிவு பொத்தான் அமுங்கியே இருந்தது தெரிந்தது. துமார் அதைக் கடையில் ஒலிபெருக்கியில் போட்டாளாம். நாரினில் நான் தலைகாட்ட இன்னும் சில மாதமாகும்.

செவ்வாய்க்கிழமை கல்தாமா கணவாய். எட்டு மணிக்கு உச்சியில் நின்றேன், மேகம் எனக்குக் கீழே இருந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் சிரிக்கவும் அழவும் மூக்கைச் சிந்தவும் முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் இறக்கத்தில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது, ஒரு கூரான கல், பின்சக்கரத்து டியூப் ஒட்டுப் போட முடியாதபடி கிழிந்துவிட்டது. நான் விழவில்லை, அந்தக் கண்ணை அப்படி உருட்டாதே. ஆனால் போன் எடுக்காது, கீழே எடுக்கும் இடத்துக்கு முப்பது கிலோமீட்டர். வண்டியை உருட்டிக்கொண்டு வளைவு திரும்பினால், மலைச்சரிவில் நீலப் பெட்டிகளாக ஒரு தேனீக்காரரின் கூடாரம், கணவனும் மனைவியும், கையில் தேன் தட்டோடு. அதே நேரம் ஜலால் அபாத்திலிருந்து தர்பூசணி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி முக்கி முக்கி மேலே ஏறி வந்தது. ஓட்டுநர் பெயர் சமாத், முப்பது வயது இருக்கும், மீசை இருந்தது (துமாருக்குச் சொல்லியாயிற்று). என் ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்து ஏதோ சாலை வேலை என்று நினைத்து நிறுத்தினானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா, இந்தக் கணவாய நீங்க தனியாவா ஏறுனீங்க, என்று மூன்று முறை கேட்டான். நான் சொன்ன சேதி இதுதான்: கணவாயைத் தாண்டிவிட்டேன், டியூப் கிழிந்தது, எனக்கு ஒன்றுமில்லை, இன்று தேனீக்காரர் கூடாரத்தில் தங்குகிறேன், அங்கே போன் எடுக்காது, கவலைப்பட வேண்டாம். காஸர்மான் போனதும் துமாருக்குப் போன் செய்து சொல்லிவிடு, நாளை திரும்பும்போது எனக்கு ஒரு டியூப் வாங்கி வா, என்றேன். டியூபுக்குச் சரி என்றான். போனுக்கு மட்டும் தலையை ஆட்டினான். நல்ல சேதி அக்கா இது, போன்ல சொன்னா யார் சுயுன்சுப் பரிசு தருவா, நேர்ல போய்க் கையை நீட்டுனாத்தானே கையில ஏதாவது விழும், எப்படியும் நாரின் சந்தையிலதான் பழம் இறக்கணும், அஞ்சு மணிக்குள்ள அந்த அக்கா கடை வாசல்ல நிப்பேன், என்றான். நானும் நம் ஜனம்தானே, நியாயமாகத்தான் பட்டது. பொழுது விழ ஏழே முக்கால் ஆகும். ஐந்து மணிக்கு சேதி போய்விடும். நிம்மதியாகத் தேன் தட்டு எடுக்க உதவி செய்தேன், இரண்டு கொட்டு வாங்கினேன், தேனீக்காரரின் மனைவி போட்ட பால் தேநீரைக் குடித்துவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினேன்.

இனி நாரினில் நடந்தது. இதை எனக்கு ஜூரா சொன்னாள், அவள் மிகைப்படுத்தத் தெரியாதவள். சமாத் சொன்ன வாக்குப்படி ஐந்து மணிக்கு துமார் கடைக்குப் போய், கதவில் கையை வைத்து, துமார் அக்கா நீங்கதானே, சல்கின் அக்கா விஷயமா வந்திருக்கேன், சுயுன்சு, என்று கத்தியிருக்கிறான். துமாருக்குப் பல வாரமாக ஒரே ஒரு நல்ல சேதிதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது, உன் பிரசவம். சுயுன்சு என்று கேட்டால் முதலில் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தானே என்ன சேதி என்று கேட்க வேண்டும், அவள் கையில் இருந்தது இசைப்பள்ளித் தலைமையாசிரியர் தன் மகன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டை, கிளிப்பச்சை, கழுத்தில் தங்க ஜரிகை. அதை அப்படியே சமாத்தின் தோளில் போட்டாள். இதுவரை சரி. பிறகு என்ன சேதி என்று கேட்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் அவளுக்கு முன்னால் வேறு யாராவது உன் அப்பாவிடம் ஓடிப் போய் சுயுன்சு வாங்கிவிடுவார்கள் என்று பயம். ஏற்கெனவே பக்கத்துக் கடைக்காரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாளாம். செருப்பை மாற்றக்கூட நிற்காமல் துமார் ஓட்டுநர் பள்ளிக்கு ஓடினாள். சமாத் காலிக் கடையில் நின்று, அக்கா, சேதியைக் கேட்டுட்டுப் போங்க, என்று கூவியிருக்கிறான். கேட்டது தையல் மெஷினுக்கு மட்டும்தான். அவன் சட்டையைப் போட்டுப் பார்த்து, பழத்தை இறக்கிவிட்டு, நம் ஊர் ஜனம் நல்ல ஜனம் என்று மகிழ்ந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

உன் அப்பா ஒரு மாணவனைப் பின்பக்கமாக வண்டி நிறுத்தப் பழக்கிக்கொண்டிருந்தார். துமார் ஓடும் காருக்கு முன்னால் போய் விழுந்து, மச்சான், சுயுன்சு, தாத்தாவாயிட்டீங்க, என்றாளாம். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் முறையாக மாணவனுக்கு முன்னால் அழுதார். கடிகாரத்தைக் கழற்றி துமார் கையில் கட்டினார், அந்த மாணவனுக்குத் தேர்வே வைக்காமல் நீ பாஸ் என்று சொல்லிவிட்டார் (பிறகு ரத்து செய்துவிட்டார்). ஆண் குழந்தை என்று யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, சந்தையிலிருந்து நம் தெருவுக்கு வருவதற்குள் பையனாகிவிட்டது. ஆறு மணிக்கு ஆடு அறுத்தாகிவிட்டது. ஏழு மணிக்கு வீடு நிறைய ஜனம். உனக்கு ஜூரா மட்டும் பதினேழு முறை போன் செய்திருக்கிறாள். எட்டு மணிக்கு நீ எடுத்து, அப்பா, நான் இன்னும் பெறவே இல்லையே, என்று சொன்னாய். பிறகுதான் விசாரணை. யார் சொன்னது? ஒரு லாரிக்காரன். என்ன சொன்னான்? சுயுன்சுன்னான். அப்புறம்? அப்புறம் நான் நிக்கலையே மச்சான். உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பொழுது விழுந்துவிட்டது. சல்கினிடமிருந்து, அதாவது என்னிடமிருந்து, சேதி இல்லை. விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார், குற்றவாளி துமாரும் அவளைக் காக்க ஜூராவும் ஏறிக்கொண்டார்கள், கறி வீணாகக் கூடாது என்று துமார் பானையையும் ஏற்றினாள்.

புதன்கிழமை காலை நான் ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கணவாயிலிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கி வந்தது, கூரையில் கற்றுக்கொள்வோர் என்ற முக்கோணப் பலகை. உலகத்தில் யாராவது கல்தாமாவில் கார் ஓட்டப் பழகுவார்களா என்று நினைத்து முடிப்பதற்குள் அது உன் அப்பா என்று புரிந்தது. அது இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார் அல்லவா, முன்சீட்டில் ஜூரா, ஒவ்வொரு வளைவிலும் பயத்தில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள், அதனால் உன் அப்பா இறங்கும்போதே கொதிநிலையில் இருந்தார். துமார் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள், உடனே முதுகில் நாலு அடி அடித்தாள், பிறகு திரும்பவும் கட்டிப் பிடித்தாள். ஏண்டி, செத்துட்டேன்னு நெனச்சேண்டி, உன் பாட்டைப் போட்டுக் கேட்டு அழுதேண்டி, என்றாள். உன் அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிற மாதிரி. கண் கலங்கியதை மறைக்க வண்டியிடம் போய்க் குனிந்துகொண்டார். அங்கிருந்தபடியே, ஒரு சாயங்காலம் சேதி வரல, சல்கின், கை அடிச்சுக் குடுத்தே, லாரி ஏதாவது வந்தா ஏத்திடலாம், என்றார்.

சேதி அனுப்பினேன் என்றேன். வரலையே என்றார். நான் வாதாடவில்லை ஜிபெக். வாதாட ஏதாவது இருந்ததா? அவர் இரவெல்லாம் கண் விழித்து முந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறார், நான் கை கொடுத்தது நிஜம். மேல்சட்டையைக் கழற்றி மடித்தேன். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் நுர்கிஸ் மாவு பிசைந்து வைத்திருப்பாள், இன்று போன் எடுக்கும் இடத்துக்குப் போனதும் அவளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது, மறுபடியும், அடுத்த கோடையில் வருகிறேன் என்பதா? தேனீக்காரரின் மனைவி ஒன்றும் கேட்காமல் என் கையில் ஒரு கிண்ணம் தேநீரைத் திணித்தாள்.

அப்போதுதான் லாரிச் சத்தம். காலி லாரி, அதனால் சங்கீதம் மாதிரி கடகடவென்று வந்தது. சமாத் ஒரு கையில் புது டியூபை மாலை மாதிரி ஆட்டிக்கொண்டு குதித்தான். உடம்பில் கிளிப்பச்சைச் சட்டை, ஜரிகைக் கழுத்து, இரண்டு அளவு சின்னது, தொப்புளுக்கு மேல் இரண்டு பொத்தான் மாட்டவே இல்லை. துமாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அட, சுயுன்சு குடுத்த அக்கா, இங்கேயே வந்துட்டீங்களா, நேத்து நான் சொன்னதக் கேக்காமலே ஓடிட்டீங்களே, என்றான். துமார் இடுப்பில் கை வைத்து, டேய், கணவாய்ச் சேதிக்கா சுயுன்சு கேட்டே, குழந்தைன்னு நெனச்சு ஊருக்கே ஆடு போட்டாச்சுடா, என்றாள். தனியா ஒரு பொம்பள கல்தாமாவத் தாண்டுறது நல்ல சேதி இல்லையா அக்கா, எங்க ஊர்ல இதுக்குக் குதிரையே குடுப்பாங்க, என்றான் அவன். உன் அப்பா அவனைப் பிடித்து உட்கார வைத்து என்ன சேதி கொண்டுவந்தாய் என்று கேட்டார். நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தான், கவலைப்பட வேண்டாம் என்பது வரை. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, சரி, ஆனா எனக்கு வந்து சேரலையே, என்றார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஜூரா அதுவரை காரின் முன்மூடி மேல் நோட்டை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பெஞ்சுப் பையனைக் கேட்கிற குரலில் கேட்டாள். மச்சான், துமார்கிட்ட சொன்னா உங்ககிட்ட சொன்ன மாதிரின்னு சொன்னது யார்? நான்தான். துமார் கடைக்கு சேதி வந்தது எத்தனை மணிக்கு? அஞ்சு. பொழுது விழுந்தது? ஏழே முக்கால். சுயுன்சு குடுத்தாச்சா? எல்லாரும் அந்தச் சட்டையைப் பார்த்தோம். குடுத்தாச்சுன்னா சேதி கைமாறிடுச்சு, வாங்கினவ காதுல போட்டுக்காதது கொண்டு வந்தவன் தப்பும் இல்ல, அனுப்பினவ தப்பும் இல்ல, என்றாள் ஜூரா. சேதியே வரலைன்னு நீங்க இப்பவும் சொன்னா, அப்ப அந்தச் சட்டை சும்மா போனதுன்னு ஆகும், திருப்பி வாங்கிடுங்க மச்சான், என்று நோட்டை மூடினாள். சமாத், பாவம், நிஜமாகவே நினைத்துக்கொண்டு, வேணும்னா கழட்டிடறேன் அண்ணே, என்று முதல் பொத்தானில் கை வைத்தான். உன் அப்பா தேள் கொட்டியது மாதிரி எழுந்தார். கொடுத்த சுயுன்சைத் திருப்பி வாங்கிய மனிதன் என்று நாரினில் ஒரு பெயர் எடுத்தால் அவரிடம் கார் ஓட்டப் பழக ஒரு ஈ வருமா? போடு, போடு, பொத்தானைப் போடு, மானத்த வாங்காதே, என்று அவரே குனிந்து அவனுக்குப் பொத்தானை மாட்டிவிட்டார், மாட்டவில்லை, வயிறு இடித்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது தேனீக்காரரின் மனைவி. பிறகு எல்லாரும். கடைசியாக உன் அப்பா, உனக்குத் தெரியுமே, சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்க. சிரித்து முடித்து, டியூபைக் குடு, என்று சமாத்திடம் கையை நீட்டினார்.

அவரே மாட்டினார். என்னைத் தொடவிடவில்லை. துமார் அந்த நேரத்தில் கறிப் பானையை இறக்கிச் சூடு செய்தாள், உன் மகன் பிறந்த விருந்தைத் தேனீக்களுக்கு நடுவே ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது உன் அப்பா, அப்போ என் கடிகாரம், என்று மெதுவாகக் கேட்டார். துமார் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அது முன்கூட்டியே வாங்கினது மச்சான், நிஜமாப் பொறக்கறப்ப மறுபடி கேக்க மாட்டேன், என்றாள். அவர்கள் மூன்று பேரும் கணவாய் பக்கம் திரும்பினார்கள், நான் இந்தப் பக்கம் இறங்கினேன். இம்முறை ஜூராவைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.

ஜலால் அபாத்தில் ஒரு இரவு, வியாழக்கிழமை ஓஷ், பிறகு தல்திக் கணவாய். சாலை நன்றாக இருந்தது, நான் மெதுவாகவே போனேன், நம்பு. சாரி தாஷில் திரும்பியதும் எதிரே வெள்ளை மலைகள் சுவர் மாதிரி நின்றன, காதுக்குள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், உன் அப்பாவும் சேர்ந்துவிட்டார், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது விழ அரை மணி இருக்கும்போது சாரி மொகோலில் ஒரு நீலக் கதவுக்கு முன்னால் ஒரு குட்டையான பெண் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கே, எங்கே இருக்கே, என்று கத்திக்கொண்டிருந்தாள். அது என் காதுக்குள்ளும் கேட்டது, வெளியிலும் கேட்டது. நான் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினேன். ஆம், நான் இங்கேதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நுர்கிஸ் சொன்ன முதல் வார்த்தை, உன் குரல வச்சு இன்னும் உயரமா இருப்பேன்னு நெனச்சேனே, என்பது. பெஞ்சில் எட்டு வருஷம் கூட உட்கார்ந்தவள் சொல்கிற பேச்சா இது? உன் குரல் மட்டும் என்ன, இன்னும் மெலிசா இருந்துச்சு, என்றேன். அழுது முடித்து உள்ளே போய் உட்கார்ந்தோம், ஆனால் அதற்கப்புறம் ஒரு விசித்திரம். ஒரு மணி நேரம் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. ரொட்டியை நகர்த்துகிறாள், நான் நன்றி சொல்கிறேன், சாலை எப்படி என்கிறாள், பரவாயில்லை என்கிறேன், யாரோ அரசாங்க அதிகாரி வந்தது மாதிரி. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று நினைத்தேன். பிறகு அவள் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி மாவு பிசைந்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன், முதுகும் முதுகுமாக ஆனதும் அவள், சரி சொல்லு, அந்த லாரிக்காரன் சட்டை கழுத்துல ஜரிகை எத்தனை வரி, என்றாள். அவ்வளவுதான், திறந்துகொண்டது. பத்தொன்பது வருஷம் முகம் பார்க்காமலே பேசிப் பழகியவர்களுக்கு முகம் ஒரு இடைஞ்சல். நேற்று முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, இப்போது நேருக்கு நேர் பேசும் அளவுக்கு முன்னேறியிருக்கிறோம்.

அவள் இங்கே சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி, இருநூறு குழந்தைகளுக்கு மேல் கையில் ஏந்தியவள், ஆகவே இது என் அறிவுரை அல்ல, அவளுடையது, முகத்தைச் சுளிக்காமல் கேள். உப்பைக் குறை. கால் வீங்கினால் டாக்டரிடம் சொல், மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே, அவர் நல்லவர், ஆனால் வீக்கத்தைப் பார்த்து ஷூ வாங்கி வந்துவிடுவார். காலையும் மாலையும் நட. மல்லாக்கப் படுக்காதே. மருத்துவமனைக்கு எடுத்துப் போகிற பையை இப்போதே கட்டி வாசலில் வை. இதைக் கொண்டு வருகிற நுர்கிஸின் கொழுந்தனிடம் ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டையும் சர்க்கரை பாதாமியும் கொடுத்திருக்கிறேன், தயிர் உருண்டையில் உப்பு அதிகம், அதை மாப்பிள்ளைக்குக் கொடு. தேனீக்காரரின் மனைவி கொடுத்த தேன் சின்ன ஜாடியில் இருக்கிறது, அது உனக்கு. கொண்டு வருகிறவனைச் சாப்பாடு போடாமல் வாசலில் நிற்க வைத்து அனுப்பாதே, நாளெல்லாம் பிரயாணம் செய்தவன்.

ஒரு விஷயம் மீதி. இங்கிருந்து மலையடிவாரத்தில் ஒரு ஏரி இருக்கிறது, நுர்கிஸ் அங்கே குதிரையில் பிரசவம் பார்க்கத்தான் போயிருக்கிறாளாம், சும்மா வேடிக்கை பார்க்க ஒருநாள்கூடப் போனதில்லை. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும், ஒரு இரவு அங்கே மேய்ப்பர் கூடாரத்தில் தங்க வேண்டும் என்கிறாள். அங்கே போன் எடுக்காது. லாரியும் வராது. சேதி கொண்டு போக ஒரு ஆள் இல்லை. நேற்று மாலை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். நாளைக்குச் சாயங்காலம் என்கிட்டேருந்து சேதி வராது, என்றேன். ஏன் என்று சொன்னேன். நான் கால்மாற்றி நின்றேன். போன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன், அறுபடவில்லை, அவர் மூச்சு கேட்டது. சரி, என்றார். பிறகு, ரெண்டு பேராப் போறீங்க, பின் சக்கரத்துல காத்து கொஞ்சம் கூட்டிக்கோ, என்றார்.

காலையிலேயே கூட்டிவிட்டேன். நுர்கிஸ் தன் கணவனின் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து இத்தோடு நாலாவது முறை ஹாரன் அடிக்கிறாள், இறங்கிவிட்டால் மறுபடி ஏற மனம் வராதாம். உன் வழியும் உன் குழந்தையின் வழியும் வெளிச்சமாக இருக்கட்டும், உன் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், நீ நினைத்தது நினைத்த வேளையில் நடக்கட்டும், கையை விரித்துத்தான் எழுதுகிறேன், ஆகவே எழுத்து கோணலாக இருக்கும். டாக்டரின் அடுத்த தேதி பத்தொன்பது, மறந்துவிடாதே. அது முடிந்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு.

உன் அம்மா,
சல்கின்